தாயான முதல் ஆண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய நாள் முதல் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை தாய்மார்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். இந்த ஓராண்டில் வரும் சிரமங்கள் பலவற்றுக்கும் உடலில் ஒரு காரணம் இருக்கும், செய்து பார்க்க ஒரு வழியும் இருக்கும். காரணம் தெரியாதபோதுதான் "நான் நல்ல அம்மா இல்லையோ" என்ற எண்ணம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குழந்தையை முதன்முதலாகக் கையில் கொடுத்தபோது எனக்குப் பாசம் பொங்கவே இல்லை. என்னிடம் ஏதாவது கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. சிலருக்கு அந்த நொடியிலேயே மனம் நிறைந்துவிடும். நிறையப் பேருக்கு முதலில் வருவது களைப்பும் "அப்பாடா, முடிந்தது" என்ற நிம்மதியும்தான். நீண்ட நேர வலி, ரத்த இழப்பு, அவசர சிசேரியன், குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுப் பிரிந்திருந்தது என எத்தனையோ காரணங்களால் பாசம் பிடிக்கச் சில வாரங்கள் ஆகலாம். சிலருக்கு மாதங்களும் ஆகும்.

அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழந்தைக்கு டயப்பர் மட்டும் போட்டு, மேலாடை இல்லாத உங்கள் மார்பின் மேல் நேராகப் படுக்க வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி இருக்கட்டும். மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன் முதுகை ஒரு துணியால் போர்த்திவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் அப்படியே இருங்கள். உங்களுக்குத் தூக்கம் சொக்கினால் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிடுங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது, மருத்துவர் எட்கர் ரே குறைமாதக் குழந்தைகளை இப்படித் தாயின் மார்போடு வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுக்க வழங்குவது அதுதான். குழந்தையின் உடல் வெப்பமும் மூச்சும் சீராகும், பாலும் நன்றாகச் சுரக்கும். அப்பாவும் இதே போல வைத்துக்கொள்ளலாம்.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளே போவதைத்தான் அளக்க முடியாது, வெளியே வருவதை எண்ணலாம். முதல் நாள் 1 ஈர டயப்பர், 2ஆம் நாள் 2 என்று கூடிக்கொண்டே போய், 5ஆம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறையாவது நன்றாக நனைய வேண்டும். மலம் முதலில் தார் போலக் கறுப்பாக ஒட்டும், 3, 4ஆம் நாளில் பச்சை கலக்கும், 5ஆம் நாள் வாக்கில் மஞ்சளாகி இளகி வரும். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைவதும் இயல்பே. 2 வாரத்துக்குள் அது மீண்டுவிட வேண்டும்.

முதல் நாள் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது ஒரு தேக்கரண்டி அளவுதான். கெட்டியாக, மஞ்சளாகச் சொட்டும் சீம்பாலைப் பார்த்து "பாலே இல்லை" என்று முடிவுகட்டி உடனே புட்டியை எடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு நடப்பதுதான் வருத்தம். மார்பு எவ்வளவு காலியாகிறதோ அதைப் பொறுத்தே அடுத்து சுரக்கும். புட்டியில் கொடுத்த அளவுக்கு மார்பு காலியாகாது, சுரப்பு உண்மையிலேயே குறையும், முதலில் தவறாக நினைத்தது பிறகு நிஜமாகிவிடும்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது சாதாரணம். சாயங்கால வேளையில் அரை மணிக்கு ஒரு தடவை கேட்டு அழும் நாட்களும் வரும். சில வாரங்கள் போனதும் மார்பு கனமில்லாமல் மென்மையாகிவிடும், அதனால் பால் வற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பால் எடுக்கும் பம்பில் கொஞ்சமாக வருவதையும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை இழுக்கும் அளவுக்குப் பம்ப் இழுக்காது. குழந்தை குடிக்க எழாமல் சோர்ந்து கிடந்தால், 4ஆம் நாளுக்குப் பிறகும் சிறுநீர் அடர் நிறமாகவோ செங்கல் பொடி போலவோ இருந்தால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு தடவையும் பால் கொடுக்கும்போது உயிர் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் பழகிவிடுமா?

பொறுக்காதீர்கள். முதல் சில நாட்களில், குழந்தை வாய் வைத்ததும் அரை நிமிடம் சுருக்கென்று இழுப்பது இருக்கலாம். அதற்கு மேலும் வலித்தால் அநேகமாகக் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது என்று பொருள். இதைச் சரிசெய்யும் முறையை நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் தாய்ப்பாலைப் பாதியில் நிறுத்த வைக்கும் தொல்லைகளில் இது முக்கியமானது.

முதலில் உங்கள் முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். குழந்தையை நோக்கிக் குனியாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். அதன் வயிறு உங்கள் வயிற்றைப் பார்த்து இருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், கழுத்தைத் திருப்பிக்கொண்டு எந்தக் குழந்தையாலும் விழுங்க முடியாது. காம்புக்கு நேராகக் குழந்தையின் மூக்கு வரட்டும், வாய் அல்ல. காம்பால் மேலுதட்டை லேசாக வருடிவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலமாகத் திறக்கும் அந்த ஒரு நொடியில், தோள்பட்டைகளுக்கு நடுவே கை வைத்து உங்களை நோக்கி அணையுங்கள். முதலில் பட வேண்டியது மோவாய். பின்னந்தலையைப் பிடித்து அழுத்தினால் குழந்தை முரண்டுபிடித்துப் பின்னால் வளையும்.

சரியாகக் கவ்வியதும் மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும், மூக்கு விலகியிருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். கன்னம் குழி விழாமல் உப்பலாக இருக்கும். முதலில் வேக வேகமாகச் சப்பும், பால் இறங்கியதும் இழுப்பு மெதுவாகி ஆழமாகும், ஓரிரு இழுப்புக்கு ஒரு முறை மெல்லிய முழுங்கும் சத்தம் கேட்கும்.

வலி தொடர்ந்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுக் கவ்வலைத் தளர்த்தி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வெளியே வந்த காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நன்று. ஒரு பக்கம் சரிவாக நசுங்கியோ நுனி வெளுத்தோ இருந்தால் கவ்வல் ஆழமில்லை. பல முறை முயன்றும் அப்படியே இருந்தால் நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுகியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்பு கல் போல இறுகிவிட்டது. இப்போது காய்ச்சலும் வருகிறது.

பால் கட்டியிருக்கும்போது, கொடுப்பதற்கு முன் சில நிமிடம் வெதுவெதுப்பான துணியை வைத்து, கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சிவிட்டால் கருவளையம் இளகும், குழந்தையால் கவ்வ முடியும். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணியைச் சுமார் 10 நிமிடம் வையுங்கள். கட்டியைப் பலமாகப் பிசைவது நல்லது என்று சொல்வார்கள். அதனால் திசு நொந்து வீக்கம் கூடத்தான் செய்யும். பம்ப் வைத்து முழுக்க வடித்து எடுத்தாலும் உடல் இன்னும் அதிகமாகச் சுரக்கும்.

ஒரு பகுதி மட்டும் சிவந்து, சூடாகி, தொட்டால் வலித்து, குளிரும் உடம்பு வலியுமாகக் காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது மார்பு அழற்சியாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படலாம். அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை, அந்தப் பால் குழந்தையைப் பாதிக்காது.

பால் இறங்கும் நேரத்தில் மட்டும் காரணமே இல்லாமல் மனம் கனத்துப்போகிறது. இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இது என்ன?

பால் இறங்கும்போது, மனநிலையோடு தொடர்புள்ள டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் அளவு குறைவதோடு தொடர்புடைய ஓர் உடல் எதிர்வினையாக இதைக் கருதுகிறார்கள். சிலருக்குப் பால் சுரப்பதற்குச் சற்று முன் ஒரு வெறுமையோ பயமோ எரிச்சலோ வந்து, சில நிமிடங்களில் தானாக விலகும். குழந்தை மேல் வெறுப்பு என்று நினைத்து இதை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் புழுங்குகிறவர்கள் உண்டு. இது என்னவென்று தெரிந்துகொண்டதே பலருக்குப் பாதி நிம்மதி. அந்த இரண்டு நிமிடமும் குளிர்ந்த தண்ணீர் குடிப்பது, மனதை வேறு எதிலாவது திருப்புவது சிலருக்கு உதவுகிறது. நாள் முழுக்க அதே மனநிலை நீடித்தால் அது வேறு விஷயம், கீழே மனச்சோர்வு பற்றிய பதிலைப் பாருங்கள்.

எவ்வளவு முயன்றும் தாய்ப்பால் முழுதாகக் கொடுக்க முடியவில்லை. குற்ற உணர்வு கொல்கிறது.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலுமோ கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது உண்மை. மார்பில் செய்த அறுவை சிகிச்சை, தைராய்டு கோளாறு, பிரசவத்தில் பெரும் ரத்த இழப்பு, பால் சுரப்பித் திசு குறைவாக இருப்பது போன்றவற்றால் சிலருக்குச் சுரப்பு போதாது என்பதும் அதே அளவு உண்மை. கலந்து கொடுக்கலாம், கிடைக்கும் கொஞ்சம் தாய்ப்பாலுக்கும் பலன் உண்டு.

பால் பவுடர் என்றால் கவனம் வேண்டிய இடங்கள் வேறு. பவுடர் கிருமி நீக்கப்பட்டது அல்ல, அதனால் கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் கலக்க வேண்டும். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகு டப்பாவில் உள்ள கரண்டியால் தலைதட்டிப் பவுடரைப் போடுங்கள். அதிகம் போட்டால் மலம் இறுகும், உடலில் நீர் குறையும். சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டினால் எடை ஏறாது, வலிப்புகூட வரலாம். கலந்ததை ஆறவைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூட்டைச் சோதித்துக் கொடுங்கள். கலந்து 2 மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள்.

இந்தக் குழந்தை எப்போதுதான் இரவில் தூங்கும்?

பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகத் தூங்கும். பகல், இரவு என்ற கணக்கு உடலுக்குள் உருவாகவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை எந்த உத்தியும் அதிசயம் செய்யாது. காலையில் வெளிச்சத்தில் வைத்திருப்பது, இரவில் மங்கிய விளக்கில் பேச்சில்லாமல் பால் கொடுத்துப் படுக்க வைப்பது ஆகிய இரண்டும் அந்தக் கணக்கு விரைவில் பிடிபட உதவும்.

குழந்தையின் தூக்கத்தைவிட உங்கள் தூக்கத்தைச் சரிசெய்வதே இப்போது கைக்கு எட்டும் வேலை. துண்டு துண்டாக 8 மணி நேரத்தைவிடத் தொடர்ச்சியாக 4, 5 மணி நேரம் தூங்குவது மனதை அதிகம் தாங்கும். பால் கொடுப்பது நிலைபெற்ற பிறகு, அதாவது சுமார் 4 வாரம் கழித்து, இப்படிச் செய்து பாருங்கள். இரவு 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறையில் படுங்கள். நடுவில் வரும் ஒரு வேளையை, எடுத்து வைத்த பாலைக் கொண்டு வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். 2 மணிக்கு உங்கள் முறை.

தூங்க வைக்கும் இடம் பற்றி மட்டும் சமரசம் வேண்டாம். எப்போதும் மல்லாக்க, உறுதியான சமதளப் படுக்கையில், தலையணையோ தளர்ந்த போர்வையோ பொம்மையோ இல்லாமல், நீங்களோ அப்போது பார்த்துக்கொள்பவரோ படுக்கும் அறையிலேயே தனிப் படுக்கையில். இரவில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே கண் அசந்துவிடுவதுதான் மிக ஆபத்தானது, குழந்தை இடுக்கில் சிக்கி மூச்சுத் திணறும். தூங்கிவிடுவோம் என்று தோன்றினால், சோபாவைவிட, போர்வையும் தலையணையும் அகற்றிய கட்டிலே குறைந்த ஆபத்து.

மணிக்கணக்கில் அழுகிறது. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

பிறந்து 2 வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், 6ஆவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணியும். நன்றாக வளரும் குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரமாக அழுதால் அதைக் கோலிக் என்பார்கள். பெற்றோரின் தவறால் வருவதல்ல அது.

பசி, ஈரம், ஏப்பம், அதிகச் சூடு, விரலையோ கால்விரலையோ சுற்றி இறுக்கிய முடி அல்லது நூல் என்று வரிசையாகப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. எதுவும் இல்லையென்றால் மார்போடு அணைத்து நடப்பது, சீரான ஒரே சத்தம், வெதுவெதுப்பான குளியல் என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றினால் குழந்தை இன்னும் மிரளும்.

எதற்கும் அடங்காமல் உங்களுக்குள் கோபம் ஏறுகிறதா? குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு, 10 நிமிடம் வேறு அறைக்குப் போங்கள். அந்த 10 நிமிட அழுகையால் குழந்தைக்கு எதுவும் ஆகாது. சில நொடி உலுக்கினாலே மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும். குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுப்பது, வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரல் அழுகை இவற்றில் எதுவானாலும் உடனே மருத்துவமனை.

என் உடம்பு எப்போது பழையபடி ஆகும்?

உதிரப்போக்கு முதல் சில நாள் சிவப்பாகவும், பிறகு இளஞ்சிவப்பும் பழுப்புமாகவும், கடைசியில் வெளிர் மஞ்சளாகவும் மாறி 4 முதல் 6 வாரத்தில் நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, பெரிய ரத்தக்கட்டிகள், துர்நாற்றம், காய்ச்சல், கண் மங்கலோடு கடும் தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிரசவம் முடிந்து 6 வாரம் வரை, சில நேரம் அதற்குப் பிறகும், இந்த ஆபத்துகள் உண்டு.

தும்மினால் சிறுநீர் கசிவதைப் பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அதற்குப் பயிற்சி இருக்கிறது. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இழுத்து 5 நொடி பிடியுங்கள், 5 நொடி தளர்த்துங்கள். இப்படி 10 தடவை, நாளுக்கு 3 வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது. முழுதாகத் தளர்த்துவதும் இதில் பாதி வேலை. 3 மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாவது மாத வாக்கில் சீப்பு நிறைய முடி வரும். கர்ப்பத்தில் உதிராமல் தங்கிய முடி ஹார்மோன் இறங்கியதும் மொத்தமாக உதிர்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப வளர்ந்துவிடும்.

காரணமில்லாமல் அழுகிறேன். இது மனச்சோர்வா?

பிரசவமாகி இரண்டு மூன்று நாளில் தொடங்கி, சட்டென்று கண் கலங்கி, சட்டென்று சிரித்து, 2 வாரத்துக்குள் அடங்கிவிடுவது பெரும்பாலான தாய்மார்களுக்கு வரும். ஹார்மோன் அளவு திடீரென இறங்குவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், "நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்" என்று தோன்றினால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். முதல் ஆண்டில் எந்த மாதத்திலும் அது தொடங்கலாம்.

இதைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். அது நோயைத் தீர்மானிக்காது, மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க நல்ல வழி. பேச்சு வழிச் சிகிச்சை பலருக்குப் போதும். மருந்து தேவைப்பட்டால், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவை உள்ளன. சாப்பிட்டு வந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு தாய் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய வேகத்தோடு இருந்தால், இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், குழப்பமாகப் பேசினால், அது ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் தீவிர மனநோய். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். அவரையும் குழந்தையையும் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சையில் நன்றாகக் குணமாகிறார்கள்.

குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயங்கரமான காட்சிகள் மனதில் ஓடுகின்றன.

புதிதாகத் தாயானவர்களில் பலருக்கு இது வருகிறது, வெளியே சொல்கிறவர்கள்தான் குறைவு. காட்சி வந்ததும் நீங்கள் பதறிப்போகிறீர்கள் என்பதே அது உங்கள் விருப்பமில்லை என்பதைக் காட்டுகிறது. அதோடு மல்லுக்கட்டினால் திரும்பத் திரும்ப வரும். "இது ஒரு எண்ணம்" என்று பெயர் சொல்லி விட்டுவிடுங்கள். இதற்குப் பயந்து மாடிப்படி ஏறுவதையோ குளிப்பாட்டுவதையோ தவிர்க்கத் தொடங்கினால் உதவி தேடுங்கள். அந்த எண்ணம் சரியானதே என்று தோன்றினாலோ, அப்படிச் செய்யும்படி ஏதோ சொல்வது போலிருந்தாலோ அது அவசர நிலை.

எல்லாரும் சொல்லும் அந்தச் சந்தோஷம் எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் அது நொடிக்கணக்கில் வரும், களைப்பு நாள் முழுக்க இருக்கும். அதனால்தான் அது இல்லை என்று தோன்றுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் தவறவிட மாட்டீர்கள்.

பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் 20 முதல் 30 சென்டிமீட்டர்தான். மார்பில் கிடக்கும் குழந்தைக்கும் உங்கள் முகத்துக்கும் இடையே உள்ள தூரமும் அதுவே. உங்கள் குரல் கருவிலேயே அதற்குப் பழக்கம். 6ஆவது வாரம் வாக்கில், பால் குடித்து, ஈரமில்லாமல், அழாமல் விழித்திருக்கும் ஒரு பத்து நிமிடத்தைப் பிடியுங்கள். முகத்தை 25 சென்டிமீட்டரில் வைத்து, கண்ணை விரித்து, "ஆ…" என்று மெதுவாக ஒரே ஒரு ஒலி. பிறகு பேசாமல் மனதுக்குள் 10 எண்ணுங்கள். பெரியவர்கள் மூன்று எண்ணுவதற்குள் பொறுமையிழந்து அடுத்த சத்தம் போடுகிறோம், பதில் தயாராக அதற்கு நேரம் வேண்டும். உதைத்துக்கொண்டிருந்த கால் நிற்கும். புருவம் ஏறும். உதடு குவிந்து, நாக்கு நுனி எட்டிப்பார்க்கும். பிறகு வாயிலிருந்து தொடங்கிக் கண் வரைக்கும் பரவும் ஒரு சிரிப்பு, தூக்கத்தில் வரும் சிரிப்பைப் போல இல்லாமல் உங்களுக்கென்றே வருவது. சற்று நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிடிக்காமல் இல்லை, இளைப்பாறுகிறது. எதிர்ப்பக்கம் போய் மறித்து விளையாடாமல் காத்திருந்தால் தானே திரும்பும்.

4ஆவது மாதம் வாக்கில் சத்தமாகச் சிரிக்கும். ஓராண்டை நெருங்கும்போது ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். தன் சந்தோஷத்தை உங்களோடு பங்கிட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவதை முதன்முதலாகக் காண்கிறீர்கள்.

வீட்டில் உதவுகிறார்கள், ஆனாலும் எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது.

கைவேலையைப் பிரித்துக்கொண்டு நினைவு வைத்திருக்கும் வேலையை உங்களிடமே விட்டால் அப்படித்தான் இருக்கும். ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். "குளியல் உங்களுடையது" என்றால் தண்ணீர் சுமார் 37 டிகிரியில் இருக்கிறதா என்று பார்ப்பது, துண்டு, மாற்றுத்துணி, டயப்பர் தீருவதற்கு முன் வாங்கி வைப்பது, நகம் வெட்டுவது எல்லாம் அவருடையது. ஒப்படைத்த பிறகு அவர் தம் முறையில் செய்யட்டும். பாதுகாப்புக்குக் குறைவில்லாத வரை திருத்தப் போகாதீர்கள், நாலு தடவை திருத்தினால் அந்த வேலை உங்களிடமே திரும்பிவிடும். பார்க்க வருகிறவர் "ஏதாவது செய்யட்டுமா" என்று கேட்டால், துணி மடிப்பது, பாத்திரம் தேய்ப்பது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்ப வேண்டும். எப்படித் தயாராவது?

3, 4 வாரம் முன்பே தொடங்குங்கள். காலையில் முதல் தடவை கொடுத்த பிறகு ஒரு முறை பம்ப் செய்து சேமியுங்கள். 1 முதல் 6 மாதக் குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 மில்லி குடிக்கும், ஆக நீங்கள் பிரிந்திருக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்கிட்டால் போதும். 60 முதல் 120 மில்லியாகப் பிரித்து, தேதி எழுதி வையுங்கள். எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், பிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் சுமார் 6 மாதம் தாங்கும். பிரிட்ஜின் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஆங்காங்கே அதிகம் சூடேறி வாயைச் சுடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும். உறைந்ததை இளக்கிய பிறகு 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

அலுவலகத்தில் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, 15 முதல் 20 நிமிடம் பம்ப் செய்யுங்கள். தவறினால் முதலில் கசியும், பிறகு கட்டும், சில நாளில் சுரப்பு குறையும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு தாய்மைப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 183) குறைந்தது 14 வார விடுப்பையும், பால் கொடுக்க வேலைக்கிடையே இடைவேளையையும் உரிமையாகச் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன தருகிறது என்று விடுப்பிலேயே கேட்டு, இடத்தையும் நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் குழந்தை பகலில் குறைத்துக் குடித்து இரவில் ஈடுகட்டும். உங்களைத் தேடித்தான் அப்படிச் செய்கிறது.

ஒன்பது மாதமாகிறது, குளியலறைக்குக்கூடப் போக விடுவதில்லை.

கண்ணில் படாவிட்டாலும் நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள் என்று அதற்குப் புரியத் தொடங்கிவிட்டது, எப்போது திரும்புவீர்கள் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. துணியால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு இதற்கே நல்ல பயிற்சி. கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போங்கள். நைசாக நழுவினால் அடுத்த முறை உங்களைக் கண்ணிலேயே வைத்துக் காக்கும்.

பொறுமை இழந்து கத்திவிடுகிறேன். குழந்தையின் மனம் உடைந்துபோகுமா?

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாயையும் கைக்குழந்தையையும் படமெடுத்து நொடி நொடியாக ஆராய்ந்தார். நல்ல உறவில்கூட இருவரும் ஒத்திசைந்திருப்பது சுமார் 30 சதவீத நேரம்தான், மீதி நேரமெல்லாம் தப்பிப்போய் மறுபடி சேர்வதுதான். குழந்தை கற்றுக்கொள்வது அந்த மறுபடி சேர்தலை. ஆகவே கத்திவிட்டால், முதலில் உங்கள் மூச்சு அடங்கட்டும். பிறகு குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்து, தாழ்ந்த குரலில் "அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா? இதோ இருக்கேன்" என்று சொல்லித் தூக்கிக்கொள்ளுங்கள். வார்த்தை புரியாத வயதிலும் குரலும் தொடுகையும் புரியும். தினமும் நடக்கிறதென்றால் பெரும்பாலும் உங்கள் பசி, தூக்கம், தனிமை இவற்றில் ஒன்று தீராமல் இருக்கிறது, முதலில் அதைத் தேடுங்கள்.

பால் கொடுக்கும்போது மறுபடி கர்ப்பமாக முடியுமா?

முடியும். குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் மட்டுமே வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு கருத்தடை வேண்டும். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம்.

பழைய நான் எங்கே போனேன்?

கர்ப்பம் மூளையையே மாற்றுகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் முறை தாயானவர்களின் மூளையில் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் பகுதிகளின் சாம்பல் நிறப் பொருள் (நரம்புச் செல்கள் செறிந்த திசு) சுருங்கியிருந்தது, அந்த மாற்றம் 2 ஆண்டு கழித்தும் தெரிந்தது. சுருக்கம் என்றதும் பயப்பட வேண்டாம், தேவையான இணைப்புகள் கூர்மையாவதற்கான சீரமைப்பாக ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். பழையவரை அப்படியே மீட்டெடுக்க முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முன்பு உங்களுக்கு உயிராக இருந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். படிப்பு, நடை, தையல், நண்பரோடு பேச்சு, எதுவானாலும் சரி. வாரத்தில் இரண்டு நாள், 30 நிமிடம், குழந்தையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெளியே. வீட்டுக்குள் இருந்தால் அழுகைச் சத்தம் கேட்கும், பால் இறங்கிவிடும், பத்தாவது நிமிடம் எழுந்து போய்விடுவீர்கள்.